இருவருக்கும் நடுவில் நான்

டீ வேண்டாம் மேடம், வெயிலில் வந்தது, தண்ணீர் போதும். ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் முன்போல் சொன்னபடி கேட்பதில்லை.

அண்ணன் தம்பிக்குள் என்ன பகை என்று தெருவில் எல்லாரிடமும் விசாரித்தீர்கள். பெற்றவளை நோகடிக்க வேண்டாமென்று என்னை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர்களுக்குள் பகை எதுவும் இல்லை. நான் சொன்னவைதான் இருந்தன.

பிள்ளைகளை நான் அடித்ததே கிடையாது. எங்கள் வீட்டில் குரல் உயர்ந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பேயாண்டி லாரி ஓட்டினார். வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்பிவிடுவார். சோறு இருக்கிறதா என்பதைத் தாண்டி என்னிடம் அவர் பேசியது குறைவு. குறையாகச் சொல்லவில்லை. உழைத்தார், நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். எனக்குப் பேச்சுத்துணை பிள்ளைகள்தான். மூத்தவன் அழகுபாண்டி, இளையவன் சிவபாண்டி.

சின்ன வயதில் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். ஒரு மத்தியானம் வாசலில் மணலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நான் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் குறையில்லை என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அழகுவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "தம்பிக்கு ஒன்கூட வெளாடப் பிடிக்கலையாம்டா" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு சின்னவனிடம், "நீ பெறந்ததே அண்ணனுக்குப் பிடிக்கலை. விடு, நான் இருக்கேன்ல" என்றேன். அவனும் வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் அது பழகிவிட்டது. பெரிய பொய்யெல்லாம் இல்லை. இருவருக்கும் அவ்வப்போது ஒரு வார்த்தை. சோற்றில் உப்புப் போடுகிற மாதிரி.

பள்ளிக்கூடத்தில் அழகுவுக்கு வாய் திக்க ஆரம்பித்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை எதுக்கோ பயப்படுது, வீட்ல சண்டை கிண்டை உண்டா?" என்றார். இல்லை என்றேன். உண்மைதானே. சின்னவன் வேறு மாதிரி வளர்ந்தான். எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பான். வீட்டில் யாராவது அவனைப் பார்த்துச் சிரித்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஒருவன் பேசவில்லை, ஒருவன் பேச்சை நிறுத்தவில்லை. இருவருக்கும் நான்தான் தேவைப்பட்டேன்.

வளர்ந்த பிறகு அழகுவுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவான். அந்த நேரத்தில் சின்னவன் வெளியே போய்விடுவான். இப்படியே வருஷங்கள் போயின. சின்னவனுக்குக் கல்யாணம் கூடியது. ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, அப்பா இல்லை. அண்ணந்தான் மேடையில நின்னு தாலி எடுத்துக் குடுக்கணும். நான் கேட்டா மூஞ்சி குடுக்க மாட்டான். நீ சொல்லும்மா."

"சொல்றேன்."

"எம்புட்டோ நடந்துபோச்சு. எனக்கு அவன் வேணும்மா."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெண்ணை நிச்சயம் பண்ணிய பிறகு அவன் என்னிடம் பேசுவதே குறைந்திருந்தது. இனி அண்ணனும் வந்துவிட்டால் என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழகுவுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். "தம்பி சொல்றான், திக்குவாயன மேடையில நிறுத்துனா பொண்ணு வீட்டாளுக சிரிப்பாகளாம். நீ வராட்டி நல்லதாம்." சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். அன்று சின்னவன் வெளியே போகாமல், மாடியில் கல்யாணத்துக்குச் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். அழகு மாடிப்படி ஏறினான். நான் தடுக்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டிவிட்டு இறங்கி வருவான், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ராமக்காள் உங்களிடம் சொல்லியிருப்பாள். சின்னவன் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அண்ணனிடம் போனான். அழகு தள்ளிவிட்டான். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை.

என் மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்று யோசிக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவனைத் தள்ளியது அழகுவின் கை. அந்தக் கையைச் சிறுகச் சிறுக வளர்த்தவள் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மேடம். இதை அழகுவிடம் சொல்லாதீர்கள். போன வாரம் ஜெயிலில் பார்த்தபோது கேட்டான்.

"சிரிச்சுக்கிட்டே, வா... வாண்ணேன்னு கூப்பிட்டான்மா. கேலி பண்றவன் அப்படியா கூப்பிடுவான்? நீ சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்ப்பா" என்றேன். "கடைசி வரைக்கும் அவனுக்கு ஒன்ன பிடிக்கவே இல்லை."

கம்பிக்கு அந்தப் பக்கம் அழுதான். உண்மை தெரிந்தால் அவன் தாங்க மாட்டான். பிள்ளை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பெற்றவளுக்குத் தெரியும். இனி அவனுக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.