தங்கச்சி வீட்டுப் பொங்கல் மூட்டை

துரைராசு: ...இல்ல கலை, எழுத்து எழுத்தா சொல்றேன். சி, ஓ, எம், ஈ, எஸ்...

கலைமகள்: டி, ஐ, பி, எல், ஈ. கமெஸ்டிபிள். பொங்கலும் அதுவுமா போன் போட்டு இங்கிலீஷ் படிக்கிறியாண்ணே?

துரைராசு: டீச்சர்தானே நீ... அர்த்தம் சொல்லேன்.

கலைமகள்: சாப்பிடத் தகுந்ததுன்னு அர்த்தம். நாமல்லாம் எடிபிள்னு சொல்லிட்டுப் போவோம், இது பெரிய மனுஷங்க வார்த்தை. லத்தீன்ல பாத்தேன்னா...

துரைராசு: லத்தீனெல்லாம் எதுக்கு இப்ப...

கலைமகள்: கேட்டுட்டேல்ல, கேளு. 'எடெரெ'ன்னா சாப்பிடுறது. முன்னாடி 'காம்' சேத்தா, மிச்சம் வைக்காம தின்னு தீக்குறது. அது பிரெஞ்சுக்குப் போயி, அப்புறம் இங்கிலீஷுக்கு வந்துச்சு.

துரைராசு: முன்னாடி 'நாட்'னு போட்டிருந்தா?

கலைமகள்: சாப்பிடக் கூடாது. எதுல போட்டிருக்கு?

துரைராசு: ஒரு சாக்குல... ஏம்மா, சீருக்குக் குடுத்துவிட்ட பச்சரிசி இருக்கா?

கலைமகள்: அதுதான் பானையில பொங்குது. வாசம் தெருவையே தூக்குது!

துரைராசு: பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?

கலைமகள்: இப்பத்தான் இலை போட்டேன். ஏன்?

துரைராசு: இறக்கு! பானைய இறக்கு கலை! யாரும் வாயில வைக்காதீங்க!

கலைமகள்: அண்ணே...

துரைராசு: தங்கச்சி வீட்டுக்குக் குறை மூட்டை போகக் கூடாதுன்னு, ஒங்க அண்ணி மிச்சம் கெடந்த விதைநெல்லக் கொட்டி நெரப்பி மில்லுக்கு அனுப்பிட்டா. மருந்து போட்ட விதை... உமி போனா மருந்தும் போயிடும்னு நெனச்சாளாம். அந்த விதைச் சாக்கை இப்பத்தான் பாக்குறேன். தமிழ்ல எழுதுன பக்கம் கிழிஞ்சு கெடக்கு... கலை? லைன்ல இருக்கியா? பிள்ளைங்களக் கூப்பிடும்மா!

கலைமகள்: பதறாதண்ணே. ஒண்ணும் ஆகல.

துரைராசு: எப்படி ஆகலங்கிற? பானையில...

கலைமகள்: பானையில இருக்கிறது கடை அரிசி.

துரைராசு: ...அப்ப, நான் அனுப்புனது?

கலைமகள்: மாடிப்படிக்குக் கீழ கெடக்கு. கட்டு அவுக்கல.

துரைராசு: வருஷா வருஷம் வாசமா இருக்குன்னு சொல்லுவியே...

கலைமகள்: உன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன். அப்பா நிலத்துல பங்கு வேணாம்னு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனியே... அன்னையிலேருந்து உன் வீட்டு அரிசி எங்க உலையில ஏறலண்ணே.