அண்ணன் படிக்காத பக்கம்

— லைட்ட போடாதீங்க அண்ணி. அம்மா முழிச்சிக்கும்.

— இன்னா கவி, இந்நேரத்துல சமையக்கட்டுல வந்து உக்காந்துனுகிற? படிச்சது போதும், போய் படு.

— படிக்கல. பயமா இருக்குது. அறிவண்ணனுக்கு ஏதோ ஆவப் போவுது.

— த பாரு, வாயக் கழுவு. முந்தாநேத்துதான் லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குப் போவ காட்பாடில ரயிலேறினாரு. இந்நேரம் டெல்லி தாண்டியிருப்பாரு.

— போம்போது ஒரு கத புக் குடுத்தேன்ல, லைப்ரரில எடுத்தது...

— சண்டக் கத. நான் மடிச்சு வெச்ச சட்டைய வெளிய எடுத்துப் போட்டுட்டு, அத பேக்குல வெச்சினு போனாரு.

— அதுல ஹீரோ ஒரு சோல்ஜர். மொதல்ல எதுக்குமே பயமில்ல அவனுக்கு. குண்டு விழற எடத்துல நின்னு சிகரெட் புடிப்பான். அப்புறம் ரொட்டி சுடற பொண்ணு ஒருத்தி மேல லவ் வந்துடுது. அதுக்கப்புறம் கதவு சாத்தற சத்தம் கேட்டாகூட குனியறான். செத்துடக்கூடாதுனு வந்துடுச்சு அவனுக்கு.

— லவ் வந்தா புத்தி வரும். நல்லதுதான.

— அண்ணனும் அப்டியே ஆயிடுச்சு அண்ணி. மின்னாடி மல சுத்தற ரோட்டுல கைய வுட்டுட்டு பைக் ஓட்டும். உங்களக் கட்டினதுலருந்து, முக்குக் கடைக்கு பால் வாங்கப் போவ ஹெல்மெட் போடுது.

— நான்தான் போட சொன்னேன். தெருவே சிரிச்சுது. உங்கப்பா கூட, பால் பாக்கெட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடும்மானாரு.

— நானும்தான் சிரிச்சேன். அப்புறம் கீழ்பென்னாத்தூர்ல உங்க வீட்டு விருந்துக்கு சேவல அறுக்க சொன்னாங்கல்ல. கத்திய புடிச்சினு அப்டியே நின்னுச்சு. அப்புறம் கத்திய கீழ வெச்சிட்டு வெளிய போயிடுச்சு அண்ணி. நான் பாத்தேன்.

— தெரியும். ராத்திரில எழுந்து உக்காந்துக்குவாரு. என் கைய புடிச்சிக்கினு, திரும்ப போவணுமா ரேவதினு கேப்பாரு.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— போங்கனு சொல்ல வாய் வரல. போவாதீங்கனு எப்டி சொல்றது? நீ கதைய சொல்லு.

— ஒரு நாள் துப்பாக்கிய பனியில போட்டுட்டு, அவ வீட்டுக்கு நடந்து வந்துடறான். அவ கதவ தெறக்கறா. அதோட அந்த சாப்டர் முடியுது.

— நல்லாதான் முடியுது.

— இன்னொரு சாப்டர் இருக்குது, ஒரே ஒரு பக்கம். அவன் பட்டாளத்து ஆளுங்களே தேடினு வர்றாங்க. ஓடி வந்தவன்னு, அவ வீட்டு செவத்துல நிக்க வெச்சு, அவ கண்ணெதிர்லயே சுட்டுடறாங்க. அத அண்ணன் ட்ரெயின்ல தனியா உக்காந்து படிக்க வேணாம்னு... நான் கிழிச்சிட்டேன்.

— லைப்ரரி புக்கையா?

— அத விடுங்க அண்ணி. சாய்ங்காலம் அண்ணன் போன் பண்ணுச்சு. கத முடிஞ்சிடுச்சு கவி, அவன் வீட்டுக்கு போயிட்டான், நல்ல முடிவுனு சொல்லுச்சு. குரலு ஒருமாதிரி லேசா இருந்துச்சு. ப்ராமிஸா, ட்ரெயின் சத்தமே கேக்கல.

— எங்கனா ஸ்டேஷன்ல நின்னிருக்கும்.

— நானும் அப்டிதான் நெனச்சு படுத்தேன். தூக்கம் வரல. அதான் முடிவுனு நம்பி, அண்ணனும் ட்ரெயின வுட்டு எறங்கியிருந்தா? நம்மூர்ல சுடமாட்டாங்க, ஆனா போலீஸோட வந்து இழுத்துனு போயி உள்ள போட்டுடுவாங்களாம். மிலிட்டரில இருந்த கோதண்டராமன் மாமாவ கத படிச்சப்பவே கேட்டேன், சும்மா கேக்கற மாதிரி.

— அண்ணன் பேர சொன்னியா?

— ச்சே, கதைக்குனு சொன்னேன். அண்ணி, அந்த பக்கத்த போட்டோ எடுத்து இப்பவே அனுப்பிடறேன். படிச்சா அண்ணன் திரும்பிப் போயிடும். டூட்டில சேர இன்னும் டைம் இருக்குது.

— அனுப்பாத.

— ஏன்?

— படிச்சா போயிடுவாரு.

— அதான அண்ணி நானும் சொல்றேன்.

— கிழிச்சத எங்க வெச்சிருக்க?

— பிசிக்ஸ் புக்குல. எதுக்கு அண்ணி?

— போய் எடுத்துனு வா. நான் அடுப்ப பத்த வெக்கிறேன். உங்கண்ணன் மாடியிலருந்து எறங்கி வர்றதுக்குள்ள எரிச்சிடணும்.