அரை டம்ளர் போதும்

ஷாஜியா: காலை நீட்டு. மடக்காத... இன்னும் இழுக்குதா?

பெலிண்டா: கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்குடி. விடு, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்.

ஷாஜியா: நேத்தும் இதையேதான் சொன்ன. வியாழக்கிழமை போலீஸ் செலக்‌ஷன். நானூறு மீட்டர்ல பாதியிலயே இப்படி உக்காந்தா, தூக்கிவிட நான் டிராக்குக்குள்ள வர முடியாது பெலிண்டா.

பெலிண்டா: தெரியும்.

ஷாஜியா: தெரிஞ்சா இதைக் குடி. இரு, ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறேன். எங்க மெடிக்கல்ல இருந்து உனக்குன்னே எடுத்துட்டு வந்தேன்.

பெலிண்டா: அரை டம்ளர்ல கலக்கிக் கொடு. ஒரே மடக்குல முடிச்சிடறேன்.

ஷாஜியா: அரை டம்ளர்லயா? முழு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. கடையில நின்னு தினமும் பத்து பேருக்குச் சொல்றேன், கூட ஓடுறவளுக்குத் தெரியல பாரு. கெட்டியா குடிச்சா உப்பு ஏறி உடம்பு இன்னும் வத்திப்போகும்.

பெலிண்டா: ஒரு லிட்டரா... என்னால ஆகாது.

ஷாஜியா: ஒரேடியா யாரு குடிக்கச் சொன்னா? வாய் வாயா குடி.

பெலிண்டா: குமட்டுது.

ஷாஜியா: நேத்து தலைவலின்ன. அதுக்கு முந்தின நாள்...

பெலிண்டா: தவக்காலம்டி. ஈஸ்டர் வரைக்கும் ஒறுத்தல் இருக்கேன். போதுமா?

ஷாஜியா: ஓ... அதான் காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதும் ரெண்டு வடை உள்ள போச்சா? எங்க கடை இருதயமேரி அக்காவும்தான் ஒறுத்தல் இருக்காங்க. கறியை விட்டாங்க, டீயை விட்டாங்க. தண்ணியை விட்டவங்களை நான் பார்த்ததே இல்ல.

பெலிண்டா: கிண்டல் பண்ணாத.

ஷாஜியா: கிண்டல் இல்லடி, எனக்குப் பயமா இருக்கு. உதடு வெடிச்சுக் கிடக்கு. நீர்க்கடுப்புன்னு போன வாரம் மாத்திரை கேட்ட. அடுத்த செலக்‌ஷனுக்கு உனக்கு வயசு தாண்டிடும். தெரிஞ்சும் ஏன் இப்படி...

பெலிண்டா: குடிச்சா போகணும்ல.

ஷாஜியா: எங்க?

பெலிண்டா: எங்கன்னு நீயே கேக்குற பாரு. இந்த கிரவுண்டுல லேடீஸ் டாய்லெட்டைப் பூட்டி எத்தனை மாசம் ஆச்சு? ஸ்ரீரங்கத்துல அஞ்சு மணிக்கு பஸ் ஏறுறேன். திரும்ப வீடு போய்ச் சேர பத்தாகுது.

ஷாஜியா: பின்னாடி சுவரு பக்கம்... போனியா?

பெலிண்டா: போனேன். போன செவ்வாய்க்கிழமை. எந்திரிக்கிறப்ப நிமிர்ந்து பார்க்கிறேன்... சுவருக்கு மேல ஒரு கை. கையில செல்போன்.

ஷாஜியா: அம்மாகிட்ட சொன்னியா?

பெலிண்டா: சொன்னா, மறுநாளே பிராக்டிசும் வேணாம், போலீசும் வேணாம்னு உக்கார வச்சிடுவாங்க. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. தண்ணியை நிறுத்திட்டா அந்தப் பக்கம் போக வேண்டாம்ல.

ஷாஜியா: போனுக்குப் பச்சைக் கவர் போட்டிருந்துச்சா?

பெலிண்டா: உனக்கு எப்படித் தெரியும்? ஷாஜியா, என்னைப் பாரு. ஓடி முடிச்சதும் நீ தினமும் தண்ணி குடிக்கிறியே... நீ எப்படிச் சமாளிக்கிற?

ஷாஜியா: குடிக்கல. கொப்பளிச்சுத் துப்பிடுவேன்... பொங்கல்ல இருந்து. உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா நீ வரமாட்ட, நான் இங்க தனியா ஓடணுமேன்னு... சொல்லாம விட்டுட்டேன்டி.