ஓரக்கண்

முதலில் காபியைக் குடியுங்கள், கவிதா. ஏற்காட்டு மழையில் ஆறிய காபி குடித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். கடைத்தூள் இல்லை, எதிர்ச் சரிவில் இருக்கும் கண்ணாயி தன் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுத்தது. காசு நீட்டினால் வாங்கமாட்டாள். ஏன் என்று போகப்போகப் புரியும்.

உங்கள் கணவர் யுவராஜுக்குப் பயிற்சி மைதானத்தில் கொடுத்த குறி ஒரு பழைய லாரி. குண்டு விழுந்ததோ பக்கவாட்டில் தள்ளியிருந்த காவலாட்களின் தகரக் கொட்டகையில். உள்ளே இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விமானி அவசரப்பட்டுவிட்டார் என்று விசாரணையை முடித்தார்கள். இப்போது அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை, "நான் லாரியத்தானே பார்த்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். அவர் சொல்வது நிஜம்.

போர் விமானத்தின் மூக்குக்குள் முறம் அகலத்தில் ஒரு ரேடார் ஆண்டெனா இருக்கும். குறி எங்கே என்று விமானிக்குக் காட்டுவது அதுதான். அதைச் செய்யும் கம்பெனிக்காக இந்த மலையில் வைத்துச் சோதிப்பது என் வேலை. எதிர்ச் சரிவில் ஒரு உலோகக் குறியை நட்டுவிட்டு இங்கிருந்து பார்ப்போம். எந்த ஆண்டெனாவும் நேரே பார்க்கும்போது பக்கத்தையும் லேசாகப் பார்க்கும். எங்களுக்குள் அதை ஓரக்கண் என்போம். லேசாக இருந்தால் பாதகமில்லை.

உங்கள் கணவரின் விமானத்துக்குப் போன ஆண்டெனாவில் அது கொஞ்சம் அதிகம். குறியைப் பிடுங்கிய பிறகும் திரையில் ஒரு புள்ளி நின்றது. எதிரே புல்லைத் தவிர எதுவும் இல்லை. பக்கத்தில் தேடிப் போனேன். கண்ணாயி அப்போதுதான் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தாள். பக்கத்திலிருந்த கூரையை ஆண்டெனா நேர் எதிரே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆண்டெனாவைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். கூரையை இறக்க ஒரு சாயங்காலம் போதும். ஏற்கெனவே தாமதம் என்று கம்பெனி மேலிடத்தில் எல்லோரும் கடுகடுவென்று இருந்தார்கள். நான் கண்ணாயியிடம் போய், எங்கள் கதிர் தகரத்தில் பட்டால் உடம்புக்கு ஆகாது என்றேன். அப்படி ஒரு ஆபத்தும் கிடையாது.

"ஏனுங்க, கொழந்தைகளுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்று கேட்டாள். அப்போதே மகனைக் கூரைமேல் ஏற்றிவிட்டாள். நல்ல தார்ப்பாயாக நானே வாங்கிக் கொடுத்தேன். "நீங்க சொல்லாட்டி எங்களுக்கு என்னங்க தெரியும்? நொம்பப் புண்ணியமுங்க" என்றாள். அன்றிலிருந்து காபித்தூள் வருகிறது. குடிக்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போகிறேன்.

மறுநாள் திரை சுத்தமாக இருந்தது. ஆண்டெனா தேறியது.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். எல்லாச் சோதனையிலும் தேறிய ஆண்டெனா என்றேன். அதில் பொய் இல்லை. அப்படியானால் விமானியின் தவறா என்றார்கள். வேறென்ன இருக்க முடியும் என்றேன். உங்கள் கணவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையாட்டினார். அந்த இரண்டு பேரைக் கொன்றது நான். உங்கள் கணவரை உயிரோடு வைத்துக் கொன்றுகொண்டிருப்பதும் நான். சொல்லவே நாக்கூசுகிறது.

இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறீர்கள். உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. என் பெண்ணுக்கு இப்போதுதான் வரன் பேசுகிறார்கள். கம்பெனியை நம்பி எத்தனை குடும்பங்கள். அவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் பார்த்ததில் தப்பில்லை என்று நான் சொன்னதாக. அவருக்கு அது போதும். எனக்கும் உங்களிடம் சொன்னதில் நெஞ்சு லேசாகிவிட்டது. மனசாட்சி உள்ளவனால்தான் இப்படி உட்கார்ந்து சொல்ல முடியும்.

எழுந்துவிட்டீர்களா? குப்பனூர் வழியாகத்தானே இறங்குகிறீர்கள்? கொட்டச்சேடு ஊரைத் தாண்டியதும் நீலத் தார்ப்பாய் போட்ட வீடு தெரியும். ஒழுகுகிறது, பேத்திக்கு இருமல் நிற்கவில்லை, தகரத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கண்ணாயி காலையில் கேட்டனுப்பினாள். இப்போதைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வியாழக்கிழமை அடுத்த ஆண்டெனா வருகிறது.