மணிக்கட்டில் மூன்று தட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது. அவன் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் நர்ஸ்.

மாலை ஐந்தரை மணி. ஈ காக்கை இல்லாத மலைச்சாலை. லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது... ஒரே டீசல் நாற்றம். டிரைவருக்கு நெஞ்சில் அடி, ஆனால் நினைவு இருந்தது. தூக்கி ஏற்றினார்கள். மேலே கிளம்பிவிட்டால் அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் டிரைவரின் கையைத் தன் மணிக்கட்டில் வைத்து, எல்லோரிடமும் சொல்வதையே சொன்னான்.

"மூச்சு முட்டினா மூணு தட்டு தட்டுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரத்தில்... டக், டக், டக். ஆள் பயப்படுகிறார் என்று நினைத்து அவனும் தட்டிக் கொடுத்தான். மறுபடி மூன்று. மறுபடியும்... அப்புறம்தான் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் கிடந்தது. வேறு சிலிண்டர் மாட்டுவதற்குள் அந்தக் கை நழுவிவிட்டது.

தினமும் காலையில் சிலிண்டரைத் திறந்து, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அன்று டீ ஆறிவிடுமே என்று பார்க்காமலே போட்டிருந்தான். விசாரணையில், "பாத்தேன் சார், ஃபுல்லா இருந்துச்சு" என்று கூசாமல் சொன்னான். அப்படியானால் கசிந்துதான் போயிருக்கும் என்று, சிலிண்டர் மாட்டும் பெரியவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

"நல்லா முறுக்கினேன்னுதான் நினைச்சேன் தம்பி... வயசாயிடுச்சு போல" என்றார் அவர், போகும்போது. இவன் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனான். வாயை மட்டும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து தட்ட ஆரம்பித்தது. சாப்பிடும்போது, பஸ்ஸில், குளிக்கும்போது... மணிக்கட்டில் மூன்று. சில்லென்ற விரல்கள். கூடவே டீசல் நாற்றம்.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. அந்தப் பெரியவர் பாவம்."

"வேலை போயிடும்டி... பசங்க இருக்காங்க. நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

 கடைசியில் அவள், "சரி... சொல்லல" என்றாள்.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அதான் சொல்லலன்னுட்டேனே... எதுக்கு என் கைய தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

அவனுடைய இரண்டு கைகளும் இன்னும் முகத்தின் மேல்தான் இருந்தன.