போணிக்கு முந்தைய துடிப்பு

தாம்பரம் மார்க்கெட் வியாபாரிகளின் இதய முகாமுக்குத் தலைமை தாங்கும் அன்பு அண்ணன் அரிகிருஷ்ணன் அவர்களே! பிரஷர் பார்க்க வந்திருக்கும் நர்சம்மா ஞானஜோதி அவர்களே! தராசு பிடித்துத் தழும்பேறிய கைகளுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கூடையைத் தலையிலும் சுமந்த தாய்மார்களே! எழுதப் படிக்க அறியாதவன் நான். ஆனால் மறக்கவும் அறியாதவன். வணக்கம்!

அந்தக் காலம் நினைவிருக்கிறதா? மீட்டர் கேஜ் மின்சார ரயில் நினைவிருக்கிறதா? மொத்தக் காய்கறி வாங்கக் கொத்தவால் சாவடிக்கு விடியலில் ஓடிய ஓட்டம் நினைவிருக்கிறதா? காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் வாழைக்காய்க் கடை முஸ்தபாவும் ஓடுவோம். நகரும் வண்டியில் அவன் முதலில் தாவுவான். தாவியதும் எனக்குக் கை நீட்டுவான். அந்தக் கையைப் பிடித்து ஏறியவன்தானய்யா நான்! பின்னால் யார் சிரிப்பது? அப்போ நானும் ஒல்லிதாம்பா!

சாவடி போனது. மீட்டர் கேஜ் போனது. போகாதது எது? காலையில் முதல் வியாபாரம், அந்தப் போணி ஆகாமல் டாக்டர் வாசலை மிதிக்கக்கூடாது என்கிற நம் வழக்கம்! வியாபாரம் முடித்து, குளித்து, குட்டித் தூக்கம் போட்டு, அத்தர் மணக்கப் போய்க் கை நீட்டுவோம். "நார்மல்" என்பார்கள். வேறென்ன வரும்?

பிரஷர் நாள் முழுதும் ஒரே மட்டமா? தூங்கினால் தாழும், விழித்தால் எழும். சிலருக்குத் தூங்கினாலும் தாழாது, விடியலில் துள்ளும். மாரடைப்பும் பக்கவாதமும் அங்கேதான் பதுங்கும் என்கிறார் நர்சம்மா. முஸ்தபாவின் விடியலை எந்த டாக்டர் பார்த்தார்? அவன் மனைவி மெஹர் பானு அம்மாதான் பார்த்தார்! போன வாரம் காலையில், செருப்பு மாட்டக் குனிந்தவன் சுவரைப் பிடித்துச் சரிந்தான். சாயங்காலம் போய்ப் பார்த்தால்? நார்மல்! ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டி அளக்கும் கருவி, இதோ மேசையில் கிடக்கிறது. மாட்டேன் என்கிறான். ஏண்டா முஸ்தபா, எழுந்து சொல்லு!

"பட்டையைக் கட்டிக்கினு நின்னா போணி ஆவுமாடா? சீக்காளி கடைன்னு ஜனம் ஒதுங்கிப் பூடும்!"

கேட்டீர்களா? மைக்கை மெஹர் பானு அம்மாவிடம் கொடுங்கள்.

"ஏங்க, காலையில நீங்க கண்ணு முழிக்கிறதுதான் எனக்குப் போணி. அது ஆவலன்னா கடை எதுக்குங்க?"

கைதட்டாதீர்கள்! அவன் முகத்தைப் பாருங்கள். எழுகிறான்... வருகிறான்... சட்டைக் கையை மடக்குகிறான்! ஓடும் ரயிலில் எனக்கு நீட்டிய கை, தாய்மார்களே, அதே கை!

நர்சம்மா, பார்த்துக் கட்டுங்கள். பெரியோர்களே, நாளைக் காலை முதல் வாழைக்காய் இவன் கடையில்தான் வாங்க வேண்டும். இவனுடைய பட்டை கட்டிய கையிலிருந்தே வாங்குங்கள். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் நெஞ்சுகள் நிதானமாய்த் துடிக்கட்டும். நன்றி, வணக்கம்!