பட்டுப்போன சப்பட்டை மரம்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை தூக்கல் ஐயா. இருக்கட்டும், குடித்துவிட்டேன். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் லத்திக்குப் பயந்து சொல்லவில்லை. இரண்டு நாளாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, காணாமல் போன மதார் சாகிப்பின் மனைவி சம்சாத் பேகம், அவருக்காகத்தான்.

என் பெயர் சத்தியநேசன். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பில் பன்னிரண்டு வருடமாகக் காவல். எண்பத்தேழில் ஒரு மழைக்குப் பிறகு, பட்டுப்போன சப்பட்டை மாமரத்தின் மேல் ஏதோ ஒரு கொடி ஏறியது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. முதலில் அணில் பிடித்தது. அப்புறம் என் நாயைப் பிடித்தது. அன்றைக்கு அழுதேன். ஆனாலும் வெட்டவில்லை.

அந்தக் கொடி காய்க்கும். தோப்பில் ஒரு பிஞ்சுகூட இல்லாத மாதத்திலும் அதில் மட்டும் மஞ்சளாகத் தொங்கும். பார்வைக்குப் பழுத்த சப்பட்டை மாம்பழம்தான், வாசனையும் அதேதான். பறிக்கக் கை வைத்தால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும். சத்தம் அதிகம் வராது. நாலு நாளில் பொத்தானும் செருப்பும்தான் மிஞ்சும். செருப்பைக் கிணற்றில் போட்டுவிடுவேன்.

மதார் சாகிப்புக்கு முன்னால் ஐந்து பேர் போனார்கள். எல்லாரும் மாங்காய்த் திருடர்கள். எங்கள் தோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பழம் கீழே உதிர்ந்து கிடந்தாலும் காவல்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டவனுக்கு அவனும் இல்லையென்று சொல்லக்கூடாது. கேட்காமல் கை வைத்தவனைத்தான் கொடி பிடித்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, தள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். “சத்தியநேசன் காவலுன்னா ஒரு பிஞ்சு வெளிய போவாதுவே” என்று முதலாளி நாலு பேரிடம் சொல்வார். மனைவி போன பிறகு என்னைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஆனால் அலுத்துவிட்டது ஐயா. மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கொடி என் குடிசைப் பக்கம் தலையை நீட்டும். கோழி போட்டேன், ஆடு போட்டேன். போன கார்த்திகையில் வாசல்படிக்கே வந்துவிட்டது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு மத்தியானம் மதார் சாகிப் வந்தார். ராஜபாளையத்து ஆட்டு வியாபாரி, நல்ல மனிதர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு மரத்துக்கு நாலடி தள்ளியே நின்றார்.

“என்னண்ணே, கார்த்திகையில போயி சப்பட்டை பழுத்துத் தொங்குது! வீட்டுல காய்ச்சல்ல கெடக்கா, வாய்க்கு எதும் புடிக்கலங்கா. ஒண்ணே ஒண்ணு பறிச்சிக்கிடட்டுமா?”

அந்தச் சைக்கிளைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்து வந்தீர்கள். நேற்றெல்லாம் எதுவும் தெரியாது என்றே சாதித்தேன். இன்று காலையில் அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, அவிய இருக்காவளா, மவுத்தாயிட்டாவளா? மவுத்துன்னா நான் இத்தா இருக்கணும்லா. தெரியாம எப்பிடிண்ணே உக்காருவேன்?”

கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டுமாம். அதைத் தொடங்கவும் வழியில்லாமல் நிற்கிறார். அடையாளத்துக்கு அவர் சட்டைப் பொத்தான் ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்கிறார். மனசு கேட்கவில்லை.

இத்தா இருக்கச் சொல்லுங்கள் ஐயா. கணக்குக்குக் கார்த்திகை பதினெட்டாம் தேதி. தோப்புக்குப் போகிற போலீஸ்காரர்கள் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு போகட்டும். பழத்தைத் தொட வேண்டாம்.

மதார் சாகிப் திருடர் இல்லை. முறையாகக் கேட்டார். “பறிச்சிக்கிடுங்க பாய், நல்லாப் பழுத்ததாப் பாத்துப் பறிங்க” என்று நான்தான் சொன்னேன். எழுதிவிட்டீர்களா? இன்னும் ஒன்று எழுத வேண்டும். மற்ற ஐந்து பேரும் கேட்டார்கள் ஐயா. நான்தான் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.